அம்மாவைப் பார்க்க வருகிறவரிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

நியூயோர்க்கில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. அம்மாவுக்கு 78 வயது, யாழ்ப்பாணம் கொக்குவிலில் தனியாக இருக்கிறார். பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் இயங்கவில்லை, சலரோகமும் உண்டு. அடுத்த கிழமை ஆசுப்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். வீட்டோடு நின்று பார்க்க ஒருவரை ஒழுங்குபண்ணியிருக்கிறார்கள். நியூயோர்க்கில் ஹோம் ஹெல்த் எய்ட் என்று வருகிறவர்கள் செய்வதெல்லாம் இவரும் செய்வாரா, எந்த வேலையை அவரிடம் விடலாம் என்று கேட்கிறார்.

நான் வார்ட்டில் கனகாலம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது வீடுகளுக்குப் போய், இப்படி நிற்கிறவர்களுக்கு வேலை பழக்கிக் கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, சுருக்கமான பதில் இதுதான். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது, கொமட்டில் இருத்தி எழுப்புவது, பிரட்டிப் படுக்க விடுவது, பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்விப்பது, மருந்தை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பது, ஏதாவது வித்தியாசம் கண்டால் உடனே சொல்வது: இவ்வளவும் அவருடைய வேலை. மருந்தின் அளவைக் கூட்டுவது குறைப்பது, மூக்குக் குழாய் போடுவது, கதீற்றர் (சலம் போகும் குழாய்) மாற்றுவது, புண்ணை வெட்டிச் சுத்தம் செய்வது: இதில் ஒன்றுமே அவருடைய வேலை இல்லை. இந்தக் கோடு அங்கும் இங்கும் ஒன்றுதான். அந்தக் கோட்டைக் காவல் காக்க அங்கே ஒரு தாதி இருக்கிறார், இங்கே ஒருவரும் இல்லை. இதுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் மெடிகெயார் என்ற அரசாங்க முதியோர் மருத்துவக் காப்புறுதியிடம் காசு வாங்கும் நிறுவனம் ஒரு ஹோம் ஹெல்த் எய்ட்டை அனுப்புவதென்றால், அவர் குறைந்தது 75 மணித்தியாலம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அதில் 16 மணித்தியாலமாவது ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கச் செய்த செய்முறையாக இருக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று தாதி எழுதிக் கொடுப்பார், அதன்படிதான் அவர் வேலை செய்யலாம். மருத்துவப் பராமரிப்பும் நடக்கிற வீடென்றால் 14 நாளுக்கு ஒரு தடவையாவது அந்த வேலையை மேற்பார்வை பார்க்க வேண்டும். நீங்கள் அங்கே பார்க்கிற ஒழுங்கெல்லாம் இந்த ஏற்பாட்டால் வருவது.

இங்கே என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது. அதை முடித்தவர்களில் பலர் இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகத்தான் நிற்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர் அநேகமாகத் தன்னுடைய தாயையோ மாமியாரையோ கடைசிவரை பார்த்த அனுபவத்தோடு வருகிற ஒருவராக இருப்பார். அதில் தவறில்லை. சான்றிதழ் வைத்திருக்கிறவரைவிடக் கை பதமான ஆக்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அவருக்கு மேலே இருந்து எழுதிக் கொடுக்கவும் வந்து பார்க்கவும் ஒருவர் வேண்டும். ஆளைத் தேடுவதற்கு முதல் அந்த ஒருவரைத் தேடியிருக்க வேண்டும். இப்பவும் பிந்தவில்லை. ஓய்வுபெற்ற தாதி ஒருவர் உங்கள் சுற்றுவட்டாரத்தில் கட்டாயம் இருப்பார். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து பார்க்கும் குடும்ப வைத்தியர் ஒருவர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து, அம்மாவின் தோலைப் பார்த்து, வீட்டில் நிற்கிறவர் ஒவ்வொரு நாளும் எழுதும் கொப்பியைப் பார்த்து, திட்டத்தைத் திருத்திவிட்டுப் போனால் போதும். அதற்குக் காசு கொடுங்கள். வாட்ஸ்அப் வீடியோவில் நீங்கள் பார்ப்பது இதற்கு ஈடாகாது. முகம்தான் தெரியும், முதுகு தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

உடுப்பு மாற்றும்போது இயங்காத கையைத்தான் முதலில் சட்டைக்குள் விட வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். மாறிச் செய்தால் இயங்காத தோளை முறுக்க வேண்டிவரும். பாரிசவாதம் வந்த பக்கத்துத் தோள் தசையின் பிடி இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். கையைப் பிடித்து இழுத்தால், அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்கினால், மூட்டு விலகிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் தோள்நோ. நம் ஊரில் வருத்தக்காரரை எழுப்புவதென்றாலே அக்குளில்தான் கை போகிறது, வருகிறவரிடம் முதலில் மாற்ற வேண்டிய பழக்கம் அதுதான். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது கதிரையை நல்ல பக்கத்தில் வைத்து, வீல் செயார் என்றால் பிறேக்கைப் போட்டு, இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி அதைப் பிடித்து எழுப்ப வேண்டும். முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து. உதவுகிறவரின் நாரி போனால் உங்கள் அம்மாவைப் பார்க்க ஆளில்லை.

சாப்பாட்டில்தான் ஆபத்து கூட. பாரிசவாதம் வந்த பலருக்கு விழுங்குவது தடுமாறும். சாப்பாடோ தண்ணீரோ சுவாசக் குழாய்க்குள் போனால் நியூமோனியா வரும், இந்த வயதில் அது உயிரைக் கொண்டுபோய்விடும். வார்ட்டை விட்டு வெளிக்கிட முதல் “விழுங்குவதைச் சோதித்தீர்களா, எந்தப் பதத்தில் சாப்பாடு கொடுக்கலாம்” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அம்மா நிமிர்ந்து இருந்தபடி, நாடியைச் சற்றே உள்ளே இழுத்தபடி சாப்பிட வேண்டும். கரண்டி சின்னதாக இருக்கட்டும். வாயின் நல்ல பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கி முடிந்த பிறகுதான் அடுத்தது. முடிந்ததும் இயங்காத பக்கத்துக் கன்னத்துக்குள் சாப்பாடு அடைந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அரை மணித்தியாலம் படுக்க விடக் கூடாது.

எங்கள் சாப்பாட்டில் எது மோசம் என்று கேட்டால், பிட்டு. காய்ந்து உதிர்கிற குருணி ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடும். பிட்டுக்கு அடுத்தது தண்ணிச் சொதி. தண்ணீர் மாதிரி இருக்கிறதெல்லாம் தொண்டையில் வேகமாக இறங்கிவிடும், விழுங்கும் தசை சுணங்கித்தான் வேலை செய்யும். இடியப்பத்தைச் சொதியில் மிதக்க விட்டுக் கொடுப்பது இரண்டு ஆபத்தையும் சேர்த்துக் கொடுப்பது. கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி, நன்றாகக் குழைத்து மசித்த சோறும் பருப்பும், தயிர் இவை பொதுவாகச் சுலபம். ஆனால் எந்தப் பதம் என்பதை வார்ட்டில் சொன்னதுதான் தீர்மானிக்கும். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, விழுங்கிய பிறகு குரல் நனைந்த மாதிரிக் களகளத்தாலோ உடனே நிறுத்த வேண்டும். “கொஞ்சம் தண்ணி குடியுங்கோ அம்மா” என்று கொடுப்பதுதான் எல்லோரும் செய்கிறது. அதைத்தான் செய்யக் கூடாது.

தோல் விசயம். படுத்தே இருக்கிறவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்ற வேண்டும். முழுதாகச் சரிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றுச் சரித்தால் போதும். குதிக்காலின் கீழ் ஒன்றும் அழுத்தாமல், கெண்டைக்காலுக்குத் தலையணை வைத்துக் குதியைத் தூக்கி விட வேண்டும். பிரட்டும்போது இழுக்கக் கூடாது, தோல் உரஞ்சும். நாரிக்குக் கீழே, இடுப்பு எலும்பு, குதி, முழங்கை, பின்தலை, இந்த இடங்களை ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எங்கள் நிறத்துக்குச் சிவப்பு வடிவாகத் தெரியாது. கருத்தோ ஊதாவாகவோ தெரியும், தொட்டால் சூடாக அல்லது இறுகி இருக்கும். அப்படி இருந்தால் அந்த இடத்தில் பாரம் படக் கூடாது, அன்றைக்கே தாதிக்குச் சொல்ல வேண்டும். எண்ணெய் போட்டு உரஞ்சித் தேய்க்கக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள றப்பர் வளையம் வாங்கி அனுப்பலாமா என்று வெளிநாட்டில் இருந்து கேட்பார்கள். வேண்டாம், அது சுற்றிவர உள்ள தோலின் இரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். அந்தக் காசுக்கு நல்ல மெத்தை வாங்கலாம். பம்பர்ஸ் நனைந்தபடி கிடக்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பம்பர்ஸைச் சிக்கனம் பிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளே சொல்லிவைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன.

குளிப்பைப் பற்றி: கிணற்றடியில் குளித்துப் பழகிய அம்மா கிணற்றடிக்குத்தான் போகக் கேட்பார். பாசி பிடித்த சீமெந்தில் ஒரு பக்கம் இயங்காதவரை நிற்க விட முடியாது. கதிரையில் இருத்தி, இளஞ்சூட்டு நீரில், வீட்டுக்குள் வார்க்க வேண்டும். சூட்டை உதவுகிறவர் தன் முழங்கையால் பார்க்க வேண்டும், சலரோகம் உள்ளவரின் கால் சூட்டை உணராமல் இருக்கலாம். துவாயால் மூடியபடி ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் திறந்து கழுவுவது, பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைப்பது. முகத்தையும் முன்பக்கத்தையும் அம்மா தன் நல்ல கையால் தானே கழுவட்டும். நேரம் பிடிக்கும், தண்ணீர் சிந்தும், பரவாயில்லை. எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்துகொடுக்கிறவரை நல்லவர் என்று நினைப்போம், ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் அம்மா மூன்று மாதத்தில் தானே செய்யக்கூடியதையும் விட்டுவிடுவார்.

வலது பக்கம் போனவர்களில் பலருக்குப் பேச்சும் தடுமாறும். சொல்வது விளங்கும், ஆனால் சொல் வராது. சத்தம் போட்டுக் கதைப்பதால் பயனில்லை, காது கேட்கிறது. “சாப்பாடு வேணுமா, தண்ணி வேணுமா” என்று இரண்டில் ஒன்றாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீங்கள் போன் எடுக்கும்போதும் அப்படித்தான்.

இனிச் சீனி. இன்சுலின் யார் போடுவது என்பதைத் தெளிவாகத் தீர்மானியுங்கள். முறைப்படி பார்த்தால் பயிற்சி பெற்ற கைதான் போட வேண்டும். நடைமுறையில் இங்கே வீட்டில் நிற்கிறவர்தான் போடுகிறார். அப்படியென்றால் தாதி பக்கத்தில் நின்று செய்வித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு, எழுதிக் கொடுத்த அளவை மட்டும். அம்மா சாப்பிட மறுத்தால் ஊசி போட முதல் போன் செய்து கேட்க வேண்டும். சீனி கூடியிருக்கிறதென்று தானாக இரண்டு யூனிட் கூட்டுவது வேண்டவே வேண்டாம். நீங்களும் போனில் அப்படிச் சொல்லக் கூடாது. இந்தியாவில் இருந்து யாராவது இன்சுலின் கொண்டுவந்தால் போத்தலில் 40 என்று போட்டிருக்கிறதா 100 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், சிறிஞ்சும் அதற்குரியதாக இருக்க வேண்டும். மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிழைக்கும். திறக்காத போத்தல் பிறிட்ஜில், ஆனால் ஐஸ் பெட்டிக்குள் இல்லை.

வியர்த்து, நடுங்கி, கதை தடுமாறினால் சீனி இறங்கியிருக்கலாம். நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுக்கலாம். விழுங்கத் தடுமாறுகிறவருக்கு ஒரு மேசைக்கரண்டி தேனைக் கொஞ்சம் கொஞ்சமாக. 15 நிமிடத்தில் திரும்பச் சோதிக்க வேண்டும். நினைவில்லாவிட்டால் வாய்க்குள் ஒன்றும் விடக் கூடாது, உடனே 1990 அம்புலன்ஸுக்குப் போன் செய்ய வேண்டும். விரதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் ஒரு நேரம்தான் சாப்பிடுவேன் என்று அம்மா நிற்கக்கூடும். சம்பளத்துக்கு நிற்கிறவரால் அதை எதிர்த்துக் கதைக்க முடியாது. அது பிள்ளையான நீங்கள், வைத்தியரையும் வைத்துக்கொண்டு, முன்கூட்டியே கதைக்க வேண்டிய கதை.

குளிசைகளைக் கிழமைக்கான பெட்டியில் அடுக்குவது மேற்பார்க்கும் தாதியோ உறவினரோ. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்து, அடையாளம் போடுவது வீட்டில் நிற்கிறவர். கதீற்றர் போட்டு அனுப்பினால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் படக் கூடாது, குழாய் மடியக் கூடாது. சலம் வராமல் நின்றால் உடனே சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் நிற்கிறவருக்கு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கொடுங்கள். சாப்பாடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, சலம், மலம், சீனி, பிறசர், நித்திரை, தோல், வழமையை விட வித்தியாசமாக ஏதாவது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். வைத்தியருக்கு உங்கள் அம்மாவைப் பற்றி அதைவிடப் பெறுமதியான சாட்சி கிடையாது. நேற்று ஒழுங்காக இருந்தவர் இன்றைக்கு ஆளை மாறிக் கதைக்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார் என்றால் அதை வயதுக் குணம் என்று விடக் கூடாது. சலத்தில் கிருமியோ நெஞ்சுச் சளியோ அப்படித்தான் முதலில் காட்டும். முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, நல்ல கையும் திடீரென்று சோர்ந்தாலோ, பேச்சு இன்னும் குழறினாலோ, கடைசியாக எத்தனை மணிக்கு வழமைபோல இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே 1990. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி எல்லோருக்கும் பொருந்தாது, பொருந்துகிறவருக்கும் நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதனால் அந்த மணிக்கணக்கு முக்கியம். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. ஒழுங்கையின் பெயர், பக்கத்துக் கோயில், வீட்டு அடையாளம் மூன்றையும் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வெளியூரில் இருந்து வந்த ஒருவர் பதற்றத்தில் கொக்குவில் ஒழுங்கைகளுக்குப் பாதை சொல்ல மாட்டார்.

இனி அவருடைய பக்கம். அம்மாவின் உடுப்பைத் தோய்ப்பது, அம்மாவுக்குச் சமைப்பது, அம்மாவின் அறையைக் கூட்டுவது அவருடைய வேலைக்குள் வரும். முழு வளவையும் கூட்டுவது, வந்து போகிற சொந்தக்காரருக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றுவது, நீங்கள் லீவில் வரும்போது ஏழு பேருக்குச் சமைப்பது வராது. இரவு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பிப் பிரட்டுகிறவர் பகலில் நித்திரை கொள்ளாமல் எத்தனை நாள் தாங்குவார்? ஒரே ஆள் 24 மணித்தியாலம் என்பது கணக்குக்கு வராது. இரவுக்கு இன்னொருவர், அல்லது பகலில் நாலைந்து மணித்தியாலம் மாறி நிற்க ஒரு உறவினர். கிழமைக்கு ஒரு நாள் லீவு, சம்பளத்தோடு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள், வீட்டுக்குப் போய்வர அவர்களுக்கு நாள் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அவருக்கென்று தனிக் கோப்பையும் தனித் தட்டும் எடுத்து வைக்கிற வீடுகள் இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. தங்களைக் கழுவித் துடைக்கிற கையைக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாத வீடும் உண்டு. உங்கள் அம்மா அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. இருந்தால் அதை நேரே கதைத்துத் தீர்க்க வேண்டியது நீங்கள்தான். இல்லாவிட்டால் நல்ல ஆள் ஒருவரும் நிலைக்க மாட்டார்.

நகையையும் காசையும் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். நகை, வங்கிப் புத்தகம் இரண்டும் உறவினர் பொறுப்பில். வீட்டுச் செலவுக்குச் சின்னத் தொகை, பற்றுச்சீட்டோடு, அதே கொப்பியின் பின்பக்கத்தில். இப்படிச் செய்வது அவருக்கும் பாதுகாப்பு. கமெரா பூட்டுவதென்றால் அவருக்கும் அம்மாவுக்கும் சொல்லிவிட்டு விறாந்தையில் பூட்டுங்கள், குளிக்க வார்க்கும் அறையில் வேண்டாம். அம்மாவின் உடம்பில் விளங்காத கண்டல் காயமோ, வீட்டில் நிற்கிறவரைக் கண்டால் அம்மாவிடம் ஒரு ஒடுக்கமோ தெரிந்தால் அதைக் கவனியுங்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அங்கே சொல்லலாம்.

கடைசியாக, அடுத்த கிழமைதான் துண்டு வெட்டுகிறார்கள் என்றால் உங்களுக்கு இன்னும் சில நாள் கையில் இருக்கிறது. வரப்போகிறவரை நாளைக்கே வார்ட்டுக்கு அனுப்புங்கள். பொறுப்புத் தாதியிடம் கேட்டால், பகலில் அம்மாவோடு நிற்க விடுவார்கள். பிரட்டுவது, கதிரைக்கு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது, ஊசி போடுவது இவற்றை அங்கே செய்து பார்க்கட்டும், பிசியோ வரும் நேரத்தில் கட்டாயம் நிற்கட்டும். வெளிக்கிடும் அன்று வருத்தமும் மருந்தும் எழுதிய டயக்னோசிஸ் கார்ட்டையும் கிளினிக் திகதியையும் வாங்கி, மருந்துகளை ஒன்றொன்றாகக் காட்டித் தமிழில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கார்ட்டைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பும்போது மேற்பார்க்கப் போகிற தாதிக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். முதல் இரண்டு கிழமைக்கான திட்டத்தை அவர் அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.